போய்வரும் உரிமை: வன்னியின் வெளிநாட்டு வாழ்வு பற்றி

கனடாவில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தம் ஒன்று முல்லைத்தீவின் செத்தவீடுகள் வரை வந்து தொட்டது. அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர் தான் தப்பியோடிய நாட்டின் கடவுச்சீட்டை எடுத்தாலோ, அந்த நாட்டுக்குப் போய்வந்தாலோ, அதன் பாதுகாப்பை மறுபடி நாடிவிட்டார் என்று கொண்டு அகதி அந்தஸ்தை முடிவுறுத்த 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனமே இடமளிக்கிறது. கனடா அதோடு நிற்கவில்லை. அந்தஸ்து போனால் நிரந்தர வதிவுரிமையும் கூடவே போய்விடும் என்று அந்தத் திருத்தம் ஆக்கியது. பிரசாவுரிமை எடுத்துவிட்டவருக்கு இந்தப் பயம் இல்லை. எடுக்காதவரின் தாய் புதுக்குடியிருப்பிலோ ஒட்டுசுட்டானிலோ கண்ணை மூடினால், கொள்ளி வைக்கப் போவதா, பல வருடம் உழைத்துக் கட்டிய வாழ்வைக் காப்பதா என்று ஓரிரவுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். சுவிற்சர்லாந்தில் அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் சொந்த நாட்டுப் பயணம் தடை. அவுஸ்திரேலியாவின் தற்காலிகப் பாதுகாப்பு விசாவிலும் இதே நிபந்தனை இருந்தது. வெளிநாட்டு வாழ்வைப் பற்றிப் பேசும்போது நாம் வழமையாகக் காசையும் பிரிவையும் எதிரெதிரே வைத்துக் கணக்குப் பார்க்கிறோம்: வந்த பணம் இவ்வளவு, பட்ட தனிமை இவ்வளவு. வன்னியை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு போதாது. அந்நிய நாட்டு வாழ்வு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பலன் தந்தது, எவ்வளவு கசந்தது என்பதைச் சம்பளத்தை விட, போன நாட்டை விட, போய்வரும் உரிமையே கூடுதலாகத் தீர்மானித்திருக்கிறது. அந்த உரிமைக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று போன நாட்டின் சட்டத்தில் இருக்கிறது, மற்றது விட்டுவந்த மண்ணின் சட்டத்தில். வன்னியார் பலருக்கு இரண்டுமே இறுகிக் கிடந்தன என்பதுதான் என் வாதம்.

யாழ்ப்பாணத்தின் பழைய அனுபவம் ஒன்று இங்கே ஒப்பீட்டுக்கு உதவும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணத்தார் புகையிரதத் திணைக்களத்திலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் வேலை பார்த்தார்கள். அதுவும் குடும்பத்தைப் பிரிந்த, காய்ச்சல் மலிந்த, வெள்ளைக்காரத் துரைக்குக் கீழான வாழ்வுதான். ஆனால் இரண்டு கரைகளும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. விடுமுறையில் வந்து கலியாணம் செய்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளையைப் படிப்பிக்க ஊருக்கு அனுப்பி, கடைசியில் ஓய்வூதியத்தோடு வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். ‘மலாயன் பென்சனியர்’ என்று ஒரு வகையினரே அந்தச் சமூகத்தில் உருவானார்கள். பள்ளிக்கூடம், வாசிகசாலை, கோயில் நிருவாகம் என்று ஊர்க் காரியங்களில் அவர்கள் பணத்தோடு சேர்த்துத் தங்கள் நேரத்தையும் அலுவலக அனுபவத்தையும் போட்டார்கள். வன்னிக்கு இப்படியொரு கட்டம் வாய்க்கவில்லை. இரணைமடுக் குளத்து நீரை நம்பி 1930களிலிருந்து கிளிநொச்சியில் குடியேறியவர்களும், 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்களும் காடு வெட்டிக் கழனியாக்கும் வேலையில் இருந்தார்கள். வெளிநாடு என்ற எண்ணம் அவர்களின் வீடுகளுக்குள் வந்து சேர்ந்த காலத்தில் உலகம் தன் வாசல்களைச் சாத்தத் தொடங்கியிருந்தது.

1983 யூலைக்குப் பிறகு மேற்கு நோக்கிப் போனவர்களில் வன்னியார் பின்தங்கியதற்குக் காரணம் ஆசைக் குறைவு இல்லை. இலங்கைத் தமிழரின் புலப்பெயர்வை ஆராய்ந்த ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் நிக்கலஸ் வான் ஹியர், ஓடவேண்டிய காரணம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் எவ்வளவு தூரம் ஓட முடிந்தது என்பதைக் கையிலிருந்த காசும் தொடர்புகளுமே தீர்மானித்தன என்று காட்டியிருக்கிறார். ஏஜென்சிக்குக் கொடுக்க உறுதிக் காணியும் நகையும் இருந்தவர்கள் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். அவ்வளவு இல்லாதவர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாமுக்குப் போனார்கள். அதுவும் இயலாதவர்கள் உள்ளூரிலேயே இடம்பெயர்ந்து உழன்றார்கள். வன்னியில் இதற்கு மேல் இன்னுமொரு தடை இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியை விட்டு வெளியேற ‘பாஸ்’ வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும். அதைத் தாண்டி வவுனியாவுக்கு வந்தால் அங்கே தங்க இராணுவத்தின் பாஸ் வேண்டும். ஆகவே வன்னியிலிருந்து பெருந்தொகையாக வெளியே போனது 2009க்குப் பிறகு, போரின் கடைசிக் கட்டத்தில் வீடு, காணி, நகை எல்லாவற்றையும் இழந்து மெனிக்பாம் முகாமுக்குள் அடைபட்டு வந்ததன் பின்னர்தான். 2009 ஒக்டோபரில் ‘ஓஷன் லேடி’ கப்பல் 76 பேரோடும், 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ 492 பேரோடும் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தன. 2012ஆம் ஆண்டில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட இலங்கையர் படகில் அவுஸ்திரேலியா சேர்ந்தார்கள். பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் தாமரைச்செல்வி ‘உயிர்வாசம்’ நாவலில் எழுதியது இந்தக் கடல் வழியைப் பற்றித்தான். எண்பதுகளில் போன யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்ததை விட இறுக்கமான சட்டங்களே இவர்களை எதிர்கொண்டன. கனடாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் கப்பலில் கூட்டமாக வருவோரைத் தனியாக வகைப்படுத்தித் தடுத்துவைக்கும் ஏற்பாடு இடம்பெற்றதற்கு இந்த இரண்டு கப்பல்களே உடனடிக் காரணம்.

உரிமையின் படிநிலை அன்றாட வாழ்வை எப்படி மாற்றுகிறது என்பதற்குச் சுவிற்சர்லாந்து தெளிவான உதாரணம். தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவருக்கு ‘என்’ அட்டை, தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவருக்கு ‘எஃப்’, வதிவு அனுமதிக்கு ‘பி’, நிலையாகக் குடியிருப்பவருக்கு ‘சி’. அங்குள்ள நம்மவர்கள் ஒருவரை ஒருவர் விசாரிக்கும்போது இந்த எழுத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். எஃப் அட்டைக்காரர் மனைவி பிள்ளைகளை அழைக்கக் குறைந்தது மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது நீண்டகாலம் விதியாக இருந்தது, அரச உதவிப் பணத்தில் தங்கியிருக்கவும் கூடாது. எனவே கிடைத்த உணவகக் குசினி வேலையை அவர் விடமுடியாது. மொழி படிக்க, தொழிற்பயிற்சிக்குப் போக நேரம் ஒதுக்கினால் வருமானம் குறையும், குடும்பம் வந்து சேர்வது பிந்தும். அதே மனிதர் சி அட்டை எடுத்துக் குடும்பமும் வந்து சேர்ந்தால் அவருடைய பிள்ளை தொழிற்பயிற்சி முடித்துத் தாதியாகவோ மின்பொறியாளராகவோ ஆகிறது. வெளிநாட்டு வாழ்வின் உண்மையான பேறுகள் அங்கேதான் தொடங்குகின்றன: இரவில் அச்சமின்றி உறங்குவது, பெண் பிள்ளை தன் படிப்பையும் துணையையும் தானே தேர்ந்துகொள்வது, சாதியின் பெயரால் வயல் வரம்பில் ஒதுக்கப்பட்டவன் அலுவலகத்தில் சமமாக உட்காருவது. இந்தப் பேறுகளைச் சிறிதாக மதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காசாக அளக்க முடியாத இவற்றுக்காகவே பலர் உயிரைப் பணயம் வைத்துக் கடலேறினார்கள். ஆனால் ஒரே நகரத்தில், ஒரே வேலையில், ஒரே சம்பளத்தில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு இவை கிட்டவும் மற்றவருக்குக் கிட்டாமல் போகவும் அந்த அட்டையின் எழுத்தே காரணமாகிறது.

போய்வரும் வழி திறந்தால் என்ன நடக்கும் என்பதை வன்னி ஒரு தடவை கண்டது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் அது மறுபடி மூடப்படும் வரையிலான நாலரை ஆண்டுகளில், இருபது வருடமாக ஊர் காணாதவர்கள் இலண்டன், பாரிஸ், ஒஸ்லோவிலிருந்து வந்து கிளிநொச்சியில் இறங்கினார்கள். அதுவரை பணமாக மட்டும் வந்துகொண்டிருந்த உறவு, உழைப்பாகவும் அறிவாகவும் வரத் தொடங்கியது. புலம்பெயர்ந்த கணினித் துறையினர் வன்னிரெக் நிறுவனத்தில் வந்து தங்கிப் படிப்பித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது வெளிநாட்டுத் தமிழ் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் நேரடியாக வந்து நின்றார்கள். இந்தக் காலத்தை வெறும் பொற்காலமாக எழுதுவது நேர்மையாகாது. ஊருக்கு வந்தவர்களிடம் புலிகள் பங்களிப்புக் கேட்டு அழுத்தம் கொடுத்ததையும், கனடாவிலும் பிரித்தானியாவிலும் குடும்பங்களிடம் வற்புறுத்திப் பணம் திரட்டியதையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை ஆவணப்படுத்தியிருக்கிறது. ஊரைப் பார்க்கும் ஆசைக்கே விலை வைக்கப்பட்டது. அதுவும் போய்வரும் உரிமையை மறுக்கும் ஒரு வகைதான். அப்படியிருந்தும் அந்த நாலரை ஆண்டுகளில் நடந்தவை, ஆட்கள் வந்துபோகும்போது பணத்தால் மட்டும் ஆகாத காரியங்கள் ஆகின்றன என்பதற்குச் சான்றாகவே நிற்கின்றன.

2009 மேக்குப் பிறகு பாதை திறந்தது, பயம் திறக்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட தமிழர் இருவர் கொழும்பில் கைதானதையடுத்து 2013இல் சுவிஸ் அரசு இலங்கைக்கு நாடு கடத்துவதை இடைநிறுத்தியது. 2014 மார்ச்சில் இலங்கை அரசு புலம்பெயர் அமைப்புகள் உட்பட 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறவேண்டும் என்ற விதி மீண்டும் வந்தது. காலையில் கட்டுநாயக்காவில் இறங்கிய ஒருவர் ஓமந்தையில் தன் ஊருக்கு அந்நியராக நிறுத்தப்பட்டார். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அந்த விதி நீங்கியது. பட்டியலோ 2015இல் சுருங்கி, 2021இல் மறுபடி நீண்டு, 2022 ஓகஸ்டில் ஆறு அமைப்புகளும் 316 பேரும் நீக்கப்பட்டதோடு மறுபடி சுருங்கியது. பட்டியலில் பெயர் இல்லாதவரையும் இந்த ஏற்ற இறக்கம் பாதித்தது. அடுத்த வருடம் வரலாமா என்று தெரியாத ஒருவர், ஒரு தொழிலில் ஐந்து வருடத்துக்கு முதலிடத் துணிய மாட்டார். கோயில் மண்டபத்துக்கும் முன்பள்ளிக் கட்டடத்துக்கும் ஒரே தடவையில் கொடுத்துவிட்டு ஒதுங்குவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. புலம்பெயர்ந்தோர் கட்டடங்களிலும் பெயர்க்கற்களிலும் காசைக் கொட்டுகிறார்கள் என்று குறைசொல்வோர் இந்தக் காரணத்தைக் கவனிப்பதில்லை.

வன்னிக்கே உரிய முடிச்சு காணியில் இருக்கிறது. யாழ்ப்பாணக் காணி பெரும்பாலும் உறுதிக் காணி. உடையவர் இலண்டனில் இருந்தாலும் அற்றோணித் தத்துவம் கொடுத்து விற்கலாம், நன்கொடை எழுதலாம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வயலும் மேட்டுக்காணியும் பெருமளவுக்கு அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்பாகவோ கொடுக்கப்பட்டவை, சனங்கள் ‘பேமிற் காணி’ என்பவை அவைதான். குடியிருந்து, பயிர்செய்து, அபிவிருத்தி செய்ய வேண்டும் என்பது அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனை. மீறினால் அதை இரத்துச் செய்யலாம். விற்கவோ கைமாற்றவோ பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். உரிமையாளர் இறந்தால் பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்கத் தவறினால் அவருக்குப் பின்னுரிமை இல்லை. பின்னுரித்தாளர் பெயரிடப்படாமல் இருந்தால் பெண் மக்களுக்கு முன் ஆண் மக்களுக்கே உரிமை என்ற ஒழுங்கு 2022இல்தான் திருத்தப்பட்டது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நிலமற்ற விவசாயியை நிலத்தில் நிலைநிறுத்த நினைத்தார்கள். அந்த நோக்கம் நல்லது, கிளிநொச்சியையே அது உருவாக்கியது. ஆனால் போரால் துரத்தப்பட்டவரும் சோம்பிக் கைவிட்டவரும் அதன் பார்வையில் ஒருவரே. ஜேர்மனியில் தஞ்ச விண்ணப்ப முடிவுக்காகக் காத்திருக்கும் மகன், தகப்பன் இறந்து ஆறு மாதத்துக்குள் உருத்திரபுரத்து வயலில் வந்து இறங்க வேண்டும். வந்தால் தஞ்சம் போகும், வராவிட்டால் வயல் போகும்.

பிரசாவுரிமை எடுத்தவருக்கும் இந்த முனை இலகுவாக இல்லை. வேற்று நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பி எடுத்தவுடன் இலங்கைக் குடியுரிமை அற்றுப்போகிறது. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் விலக்கு உண்டு. 2011இல் நிறுத்தப்பட்டிருந்த இரட்டைக் குடியுரிமை வழங்கல் 2015இல் மீண்டும் தொடங்கியது. அதற்கு விண்ணப்பிக்க 55 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது கல்வி, தொழில் தகைமை வேண்டும், அல்லது 25 இலட்சம் ரூபாய் பெறுமதியான சொத்தையோ வைப்புப் பணத்தையோ காட்ட வேண்டும் என்று வகைகள் வகுக்கப்பட்டன. வெள்ளவத்தையில் மாடிவீடு வைத்திருப்பவருக்கு இதில் சிரமம் இல்லை. சாதாரண தரத்தோடு படிப்பு முறிந்து, பதினாறு வயதில் பங்கருக்குள் இருந்து, முப்பது வயதில் பாரிஸ் உணவகத்தில் பாத்திரம் கழுவும் முள்ளியவளைப் பையன் எந்த வகைக்குள் வருவான்? குடும்பத்தின் ஒரே சொத்தான பேமிற் காணியும் அவன் பெயரில் இல்லை. சட்டத்தில் வன்னியை விலக்கும் சொல் ஒன்றுகூட இல்லாதபோதும், அதன் அளவுகோல்கள் வன்னியார் பலரை வெளியே விட்டுவிடுகின்றன.

மிக அருகிலுள்ள வெளிநாட்டில் நிலைமை இன்னும் கடினம். தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்துவருகிறார்கள். மொழி ஒன்று, சாப்பாடு ஒன்று, கோயில் ஒன்று. ஏக்கம் குறைய வேண்டிய இடம் அது. ஆனால் முகாமைவிட்டு வெளியூர் போக அனுமதி, தலைக்கணக்கு எடுக்கும் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டிய கட்டாயம், சொத்து வாங்க முடியாமை, நாட்டைவிட்டுப் போக வெளியேறும் அனுமதி என்ற கட்டுப்பாடுகளுக்குள் நாற்பது வருடம் கழிந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய் திட்டம் ஒன்றை அறிவித்து, முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. வீடுகள் வந்தன. குடியுரிமை மத்திய அரசின் கையில் அப்படியே கிடக்கிறது. இந்த வாழ்விலும் ஒரு பேறு விளைந்தது என்பதை மறுக்கக்கூடாது. 1984இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் முயற்சியாலும் மாநில அரசின் இடஒதுக்கீடுகளாலும் முகாம் பிள்ளைகள் பலர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். ஆனால் பட்டம் பெற்றவருக்கு அங்கே அரச வேலை இல்லை. வவுனியாவுக்குத் திரும்பினால் பிறப்புப் பதிவு, குடியுரிமைப் பத்திரம், பட்டத்துக்கான அங்கீகாரம் என்று ஒவ்வொன்றாக அலைய வேண்டும். 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது கடவுச்சீட்டும் விசாவும் வைத்திருந்த எவரும் போய்வரலாம் என்றாயிற்று. முகாம்காரருக்குத் திரும்புவதென்றால் ஒரேயடியாகத் திரும்புவதுதான். ஊரைப் பார்த்து, காணியைத் துப்பரவாக்கி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விசாரித்துவிட்டு முடிவெடுக்கும் வசதி அவருக்கு இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பலர் திரும்பத் தயங்குவதில் எனக்கு வியப்பில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு மத்திய கிழக்கிலிருந்து வரும். குவைத்துக்கும் சவூதிக்கும் போகும் பெண்கள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய்த் திரும்புகிறார்கள், சட்டப்படிப் போகிறார்கள், 1985இல் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே போகிறார்கள். போய்வரும் வழி அவர்களுக்கு இருந்தும் பலன் ஏன் சிறுத்தது? அந்தப் பயணங்களை உற்றுப் பார்த்தால் அங்கே வழி இருக்கிறது, உரிமை இல்லை என்பது விளங்கும். கஃபாலா முறையில் எப்போது வெளியேறுவது, வேறு வேலைக்கு மாறலாமா என்பதை எசமானரே தீர்மானிப்பார். 2021 மார்ச்சில் சவூதி செய்த சீர்திருத்தம் தனியார் துறைத் தொழிலாளர் எசமானரின் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேற வழிவிட்டது. வீட்டுப் பணிப்பெண்களை அது சேர்க்கவில்லை. இங்கேயும் 2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தாய் பணிப்பெண்ணாகப் போவதைத் தடுத்தது. போரில் கணவனை இழந்த, நுண்கடன் கம்பனிக்குக் கிழமைக் காசு கட்டும் வன்னிப் பெண்ணுக்கு அந்த அறிக்கை தடையாகவில்லை. முகவருக்குக் கூடுதல் பணம் கொடுத்து, பதிவின்றி, அதனால் பாதுகாப்பும் இன்றிப் போகும் வழியைத்தான் அது அகலமாக்கியது. 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது, வெளிநாட்டு நாணயம் தேவைப்பட்டதால். பெண்ணின் உரிமை அந்த முடிவில் எங்கும் பேசப்படவில்லை. இரண்டு வருடம் முடிந்து வருபவள் கடனைக் கட்டி, கூரையைப் போட்டு, மீதிக் கடனுக்காக மறுபடி போகிறாள். தன் விருப்பத்துக்கு நிற்கவும் வரவும் முடியாத போக்குவரவைக் கொண்டு என் வாதத்தை மறுக்க இயலாது.

இன்னொரு மறுப்பு நேரடியானது. உரிமை என்ன உரிமை, காசு வந்தால் போதும்; மெனிக்பாமிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பங்களை எழுப்பியது வெளிநாட்டுக் காசுதான் என்பார்கள். அது எழுப்பியது உண்மை. கிணறு இறைத்ததும், ட்ராக்டருக்கு முற்பணம் கட்டியதும், பிள்ளையை ரியூஷனுக்கு அனுப்பியதும் அந்தக் காசே. ஆனால் அது எல்லோருக்கும் வரவில்லை. 2016இன் அரச வறுமைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் 4.1 சதவீதமாக இருந்த வறுமை, யாழ்ப்பாண மாவட்டத்தில் 7.7, கிளிநொச்சியில் 18.2. எல்லா மாவட்டங்களிலும் அதுவே மிகக் கூடியது. இந்த இடைவெளி முழுவதற்கும் புலப்பெயர்வே காரணம் என்று நான் சொல்லவில்லை. போரின் அழிவும் வரட்சியும் அதில் உண்டு. ஆயினும் உறவினர் எப்போது போனார், எந்த அந்தஸ்தோடு இருக்கிறார் என்பது வீட்டுக்கு வீடு தெரியும் வேறுபாடு. பணம் மட்டும் வரும் உறவு எவ்வளவு நொய்மையானது என்பதை 2022 காட்டியது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த இலங்கைக்கான அனுப்புபணம் 2022இல் 3.8 பில்லியனாகச் சரிந்தது. ரூபாயைச் செயற்கையாகப் பிடித்து வைத்திருந்ததால் வங்கியைவிட உண்டியல் எனும் முறைசாராப் பணமாற்று கூடக் கொடுத்தது, பெரும் பகுதி கணக்கில் வராமல் போனது. வன்னிக்கு இது புதிதில்லை. வங்கி எட்டாத போர்க்காலத்திலிருந்தே அது உண்டியலுக்குப் பழகிய நிலம். அதே 2022 நவம்பரில், கனடாவை எண்ணிப் புறப்பட்டு நடுக்கடலில் தத்தளித்த 303 இலங்கையரை ஒரு சரக்குக் கப்பல் மீட்டு வியட்நாமில் இறக்கியது. காசே போதுமானதாக இருந்திருந்தால், உறவினரிடமிருந்து காசு பெற்று ஊரில் இருந்திருக்கக்கூடியவர்கள் இலட்சக்கணக்கில் கட்டி அந்தக் கப்பலில் ஏறியிருக்க மாட்டார்கள்.

குடியுரிமை எடுத்து, எந்தத் தடையும் இல்லாதவர்களும் திரும்பி வந்து குடியிருப்பதில்லையே, பிறகு அந்த உரிமையால் என்ன பயன் என்ற கேள்வியும் நியாயமானது. அவர்களின் பிள்ளைகள் ஸ்காபரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் வளர்கிறார்கள், வீட்டுக்கடன் அங்கே, மருத்துவர் அங்கே. திரும்பிவந்து குடியிருப்பதை அளவுகோலாக வைத்தால் என் வாதம் தோற்கும். ஆனால் ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைவிட, வேண்டியபோது வரமுடியும் என்ற உறுதி அவருடைய முடிவுகளை எப்படி மாற்றுகிறது என்பதே பார்க்கத்தக்கது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கொரு தடவை வந்துபோகும் ஒருவருக்குத் தான் அனுப்பிய பணம் எங்கே போனது என்று தெரியும். எந்த மாணவி உண்மையில் பல்கலைக்கழகம் போனாள், எந்தப் பண்ணை பேருக்கு மட்டும் நடக்கிறது என்று நேரில் கண்டறிவார். வராதவர் ஊரைத் தான் விட்டுப்போன வருடத்தில் நிறுத்திவைத்து, அதற்கே பணம் அனுப்புகிறார். வருகிறவர்களாலும் தீங்கு உண்டு. ஏ-9 ஓரத்துக் காணி விலை உள்ளூர்க்காரர் நெருங்க முடியாதபடி ஏறுகிறது, ஆடம்பரக் கொண்டாட்டங்கள் இல்லாதவர்களை வருத்துகின்றன. இருந்தும் வருகிறவரிடம் கணக்குக் கேட்கலாம், சண்டை பிடிக்கலாம், விளங்கவைக்கலாம். வராதவரோடு அது முடியாது.

ஆட்கள் போவதே வன்னிக்கு இழப்பு, உரிமையை விரித்தால் இருப்பவரும் போய்விடுவார் என்ற அச்சமும் கேட்கிறது. 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 92,000 மட்டுமே. அங்கிருந்து ஒரு மருத்துவரோ கணித ஆசிரியரோ போனால் இடம் வெறுமையாகவே கிடக்கிறது. இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வாசலைப் பூட்டி எவரையும் நிறுத்த முடிந்ததில்லை என்பதை வன்னியின் பாஸ் காலம் காட்டியிருக்கிறது. தடை இருந்தபோதும் போனார்கள், போனவர்கள் திரும்ப முடியாதவர்களாகப் போனார்கள். 2022 யூனில் அரசே எதிர்த்திசையில் ஒரு காரியம் செய்தது. அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாட்டில் வேலை செய்யலாம், பணிமூப்பும் ஓய்வூதியமும் கெடாது என்று சுற்றறிக்கை வந்தது. டொலர் நெருக்கடியில் பிறந்த ஏற்பாடுதான், ஆனாலும் அதன் உள்ளடக்கம் முக்கியமானது. போன ஒருவருடைய இடத்தை ஐந்து வருடம் காத்துவைக்க இந்த அரசால் முடியும் என்று அது எழுத்தில் ஒப்புக்கொண்டது.

கச்சேரி எழுதுவினைஞருக்கு ஐந்து வருடம் காக்கும் அரசு, பேமிற் காணியின் பின்னுரித்தாளருக்கு ஆறு மாதத்துக்கு மேல் காக்க மறுப்பதற்கு நியாயம் கிடையாது. இதற்குச் சட்ட முன்னுதாரணமும் இருக்கிறது. போரால் தங்கள் ஆதனத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாதிருந்தவர்களுக்கு எதிராகப் பத்து வருட ஆட்சியுரிமையைக் காட்டி மற்றவர் காணியைக் கோர முடியாதபடி, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை விலக்கி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. வராமல் இருந்தது கைவிட்டதாகாது என்று நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பம் அது. ஆனால் அதன் பயன் பெரும்பாலும் உறுதிக் காணிக்காரருக்கே போனது. அரச காணியில் குடியேறி, அதே போரால் அதே காலத்தில் துரத்தப்பட்ட கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குக் குடும்பங்களுக்கு அந்த நியாயம் இன்னும் நீட்டப்படவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் குடியிருப்பு நிபந்தனையிலும் பின்னுரிமைக் கால எல்லையிலும், போராலும் தஞ்சத்தாலும் வெளியே இருப்போருக்கு விலக்கு எழுதுவது ஒரு திருத்தச் சட்டத்தின் வேலை. வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொழும்பில் கேட்கவேண்டிய முதல் திருத்தங்களில் ஒன்று அது. ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் உள்ள ஊர்ச்சங்கங்கள் அடுத்த முன்பள்ளிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுமுன், இதற்கு ஒரு சட்டத்தரணியை அமர்த்தலாம்.